மார்க்கர் இராஜத்தின் ரப்பர் பேண்ட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அம்மாவும் ரப்பர் பேண்ட் பொறுக்கினோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

குசினிக் கதவின் கொண்டியில் அவை கொத்தாகத் தொங்கும். சோற்றுப் பார்சலில் வந்தவை, மருந்துப் பொட்டலத்தில் வந்தவை, கடையில் கருவாடு சுற்றிக் கொடுத்தபோது வந்தவை. பார்சலில் வந்ததை அம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் மாட்டுவாள். கழுவினாலும் கறியின் மஞ்சள் போகாது. தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எந்த வீட்டுக் கதவிலும் இப்படி ஒரு கொத்து இருக்கும். டென்னிஸ் மட்டையில் கட்டுவதற்காகச் சேர்த்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

நான் அவிசாவளையில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ரப்பரை இழுத்து, எந்த இழுப்பில் அறுகிறது என்று பார்ப்பது என் வேலை. அதனால் அம்மா அந்தக் கொத்தை அப்படியே கழற்றி என் மடியில் போட்டாள்.

"நல்லதா ஒண்ணு பாத்துக் குடு பாப்பா. பழசு நேத்து அறுந்து போச்சு."

"எப்புடி அறுந்துச்சு?"

"எப்புடின்னா? அறுந்துச்சு."

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து இழுத்தேன். எண்ணெய் ஏறிய ரப்பர் ஊதிப்போயிருக்கும். முதலில் சொன்னபடி நீளும், பிறகு சொல்லாமல் அறும். காற்றில் பழையதானதை மடித்துப் பார்த்தால் மடிப்பில் மயிரிழைபோல வெடிப்புத் தெரியும். இரண்டு வகையையும் ஒதுக்கினேன்.

"இதெல்லாம் சரிவராதும்மா. எண்ணெய் குடிச்சிருக்கு."

"அது ஒங்கப்பா வாங்கிட்டு வந்த மீன் பார்சல். வாங்குனவரு மாதிரியே இருக்கு."

வாசல் பக்க இஸ்தோப்பில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. அப்பாவின் பெயர் பழனியாண்டி. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்றவர்.

"அங்க என்னா, என்னைய இழுக்குறீங்க?"

"ஒங்கள யாரும் இழுக்கலங்க. ரப்பரத்தான் இழுக்குறோம்."

"சோத்துப் பார்சல் ரப்பர கட்டிக்கிட்டு டீச்சர ஜெயிக்கப் போறா. மொதல்ல ஒரே ஒரு பொயிண்ட எடு புள்ள, பாக்குறேன்."

"எடுப்பேன். எடுத்துட்டு வந்து ஒங்க வாயக் கட்டுறேன், இதே ரப்பர் போட்டு."

சனிக்கிழமைகளில் அம்மா றிஸ்மியா டீச்சரோடு டென்னிஸ் ஆடத் தொடங்கிய பிறகு, அவர்கள் பேச்சில் பல மாதங்களாக இது ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஒரு பொயிண்ட் வேண்டும். எதிராளி தவறவிட்டு வந்தது வேண்டாம். அம்மா அடித்து, எதிராளி ஓடியும் தொட முடியாமல், கோட்டுக்குள் விழுந்த ஒரு பந்து வேண்டும். மட்டையைப் பிடித்த காலம் முழுவதும் அப்படி ஒன்று அவளுக்குக் கிடைத்ததில்லை.

"நேத்து எடுத்தியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா நான் கொடுத்த ரப்பர் பேண்டை வாங்கி, மட்டையைக் கவிழ்த்து முழங்கால்களுக்கிடையே வைத்தாள். நடுவில் இறங்கும் இரண்டு நரம்புகளுக்குப் பின்னால் அதை நுழைத்து, ஒரு காதை மறு காதுக்குள் விட்டு இழுத்து, கடைசிக் குறுக்கு நரம்புக்குக் கீழே முடிந்தாள். நகத்தால் நரம்பைச் சுண்டினாள். 'டப்' என்றது. அவ்வளவுதான் கேட்க வேண்டும் அவளுக்கு.

"வர்ற சனிக்கிழம சொல்றேன்," என்றாள்.

வியாழக்கிழமை காலை தண்ணீர்ப் பீலிக்குக் குளிக்கப் போனவள், வாளியை வைத்துவிட்டுப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். நான் வேலைத்தளத்திலிருந்து வந்து சேர்வதற்குள் வீட்டில் கிடத்திவிட்டார்கள்.

அம்மாவின் பெயர் இராஜம். கிளப்பில் இருந்தவர்களுக்கு மார்க்கர் இராஜம்.

தோட்டத்துக்கு மேலே, ரப்பர் மலை முடிந்து மேடு சமமாகும் இடத்தில் துரைமார் கிளப் இருந்தது. அங்கே ஒரு செம்மண் டென்னிஸ் கோர்ட். அம்மாவின் அப்பா தங்கையா அதற்கு மார்க்கர். மார்க்கர் என்றால் கோர்ட்டைப் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டி, ஆட ஆள் இல்லாத துரைக்கு எதிரே நின்று பந்தைத் திருப்பிக் கொடுப்பவர். ஒருநாள் உருளை அவர் பாதத்தில் ஏறியது. அதன் பிறகு அவரால் ஓட முடியவில்லை. துரைமாருக்கு வேறொருவர் வந்தார். துரைமாரின் மனைவிமாரான நோனாமாருக்கோ ஆண் ஒருவர் எதிரே நின்று ஆடுவது அவ்வளவு பிடிக்கவில்லை. தங்கையாவின் மகள் வீட்டில் இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, அம்மாவைக் கூப்பிட்டார்கள். அப்போது அவள் படிப்பை விட்டுக் கொழுந்து மலைக்கும் போகாமல், ரப்பர் மலைக்கும் போகாமல் தோட்ட வேலைக்குப் பேர் பதியக் காத்திருந்த பெண்.

நீளப் பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு போய் நின்றிருக்கிறாள். ஒரு வாரத்தில் பந்து பிடிபட்டுவிட்டது.

மார்க்கர் ஜெயிக்கக் கூடாது. அப்படி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நோனா எங்கே அடித்தாலும் ஓடிப் பிடிக்க வேண்டும். பிடித்ததை நோனாவின் வலக்கைப் பக்கம், இடுப்பு உயரத்தில், அவர் ஓரடி வைத்தால் எட்டும் தூரத்தில் போட வேண்டும். ஆட்டம் நடக்க வேண்டும், பந்து போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசி அடி நோனாவுடையதாக இருக்க வேண்டும். அம்மா இதில் கெட்டிக்காரி. எந்த மூலையிலிருந்தும், எந்தக் காலில் நின்றும், பந்தை ஆளுக்கு நேரே கொண்டுபோய் வைப்பாள். அவளுக்காகவே பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நோனாமார் கார் பிடித்து வந்தார்களாம். நான் சிறுமியாக இருந்தபோது அந்த ஆட்டங்களைக் கதையாகச் சொல்வாள்.

"அன்னைக்கு மழ வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு. விடாம அடிச்சோம். ஆறு நாலு."

"யாரும்மா ஜெயிச்சா?"

"நோனாதான்."

"அப்ப நீ?"

"நான் மார்க்கர்டி."

ஊரை விட்டுப் போன ஒரு நோனா தன் பழைய மட்டையை அம்மாவுக்குக் கொடுத்தார். அலுமினியச் சட்டம். நல்ல மட்டை, ஆனால் பந்து பட்டதும் தட்டில் கரண்டி விழுந்ததுபோல 'ணங்' என்று கூவும். மற்றவர்களின் மட்டைகளில் நரம்புக்கிடையே வெளிநாட்டு ரப்பர் பொத்தான் செருகியிருக்கும். அவை கூவுவதில்லை. அம்மாவிடம் பொத்தான் இல்லை. தலைவலிக்காரரான பெரிய நோனா ஆட்டத்தை நிறுத்திவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு, அந்தச் சத்தம் இனிக் கேட்டால் நீ வரவேண்டாம் என்றிருக்கிறார். அம்மா மட்டையை உடனே கீழே இறக்கி, நின்ற இடத்திலேயே சடையின் நுனியிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி நரம்பில் கட்டினாள். சடை அவிழ்ந்த தலையோடு மிச்ச ஆட்டத்தை ஆடினாள். அன்று முதல் ரப்பர் பேண்ட் இல்லாமல் அவள் ஒரு பந்தும் அடித்ததில்லை.

கல்யாணம் ஆனது. நோனாமார் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். கிளப் கல்யாண மண்டபம் ஆனது. அம்மா பேர் பதிந்து, வேலை முடியும் வயது வரைக்கும் அப்பாவுடன் பால் வெட்டினாள். மட்டை ஒரு உரப்பைக்குள், எங்கள் லயத்து வீட்டுக் கூரையின் கீழ்க் கம்பில் தொங்கியது. விடிகாலையில் மலைக்குப் போகும் வழியில் கிளப் வேலியோரம் அவள் நடை மெதுவாகும் என்று அப்பா சொல்வார். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும், வா என்று கூப்பிடுவாராம்.

றிஸ்மியா டீச்சரை அம்மா பஸ்ஸில் பார்த்தாள். மாவனெல்லைப் பக்கத்துக்காரர், தெஹியோவிட்டையில் ஒரு பாடசாலைக்கு மாற்றலாகி வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. முழங்காலில் மட்டை சாய்ந்திருந்தது. நானும் அப்போது பக்கத்தில் நின்றேன். அம்மா குனிந்து அந்த மட்டையையே பார்த்தாள்.

"மிஸ், இந்தப் பொத்தான் எங்க வாங்குனீங்க?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சீலையும், எண்ணெய் வைத்து இழுத்த கொண்டையும், ரப்பர் பால் கறை போகாத விரல்களும்.

"மகளுக்கா?"

"இல்ல மிஸ். எனக்கு."

இறங்குமிடம் வருவதற்குள் சேர்ந்து ஆடுவதென்று பேசி முடித்துவிட்டார்கள். டீச்சருக்கும் ஆட ஆள் கிடையாது. படித்த பாடசாலைக்காக ஆடியவர். இங்கே சுவரோடுதான் அடித்துக்கொண்டிருந்தார். கிளப் காவல்காரர் சுமனே ஐயாவிடம் அம்மா சிங்களத்தில் பேசி, மண்டபத்தில் கல்யாணம் இல்லாத சனிக்கிழமைகளில் கோர்ட்டைத் திறந்துவிடச் சம்மதம் வாங்கினாள். அடுத்த வாரமே டீச்சர் அம்மாவுக்கு ஒரு பொத்தான் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மட்டையில் ரப்பர் பேண்டே இருந்தது.

"அந்தப் பொத்தான போடுங்களேன் இராஜம் அக்கா."

"அது அழகா இருக்கு மிஸ். இது பழகிப் போச்சு."

அம்மாவுக்கு முழங்கையில் நோவு உண்டு. பால் வெட்டும் கத்தி கொடுத்தது. அதற்காகத்தான் ரப்பர் பேண்ட் கட்டுகிறாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கைப்பேசியை மட்டைக்குப் பக்கத்தில் வைத்து, ரப்பரோடும் ரப்பர் இல்லாமலும் சத்தத்தைப் பதிந்து, வரைபடத்தைக் காட்டினேன். ரப்பர் இல்லாதபோது ஒரு கூர்மையான உச்சம் எழுந்தது. ரப்பர் கட்டியதும் அது படுத்துவிட்டது.

"இந்த உச்சி நரம்போட அதிர்வு. காதுக்குக் கேக்குறது. ஒன் கைக்கு வர்றது வேற, மட்டைச் சட்டமே மெதுவா ஆடும் பாரு, அது. அதுக்கு இந்தச் சின்ன ரப்பர் ஒண்ணும் செய்யாது."

"கை வலிக்கு யாருடி கட்டுனா? கை வலிக்குத் தைலம் இருக்கு."

"அப்ப எதுக்கு?"

"சத்தத்துக்குத்தான்." வரைபடத்தை மறுபடி பார்த்தாள். "இந்த உச்சிதான் அந்த 'ணங்'கா? ம். பெரிய நோனா காது ரொம்பத்தான் பாவம்."

முதல் சனிக்கிழமைகளில் டீச்சருக்குச் சந்தோஷம். இவ்வளவு நன்றாகப் பந்தைத் திருப்பும் ஒருவர் இந்த மலையில் கிடைப்பார் என்று அவர் நினைத்திருக்கவில்லை. மூன்றாவதோ நான்காவதோ சனிக்கிழமை அவர் வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, நான் எங்க நின்டாலும் பந்து எனக்கே வருது."

"ஆமாங்க மிஸ். கஷ்டமா இருக்கா? கொஞ்சம் மெதுவா போடவா?"

"அப்படியில்ல. நான் இல்லாத பக்கம் அடிங்க. என்னைய ஓட வைங்க."

அம்மா சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"நீங்க என்னைய ஜெயிக்க விடுறீங்க. எனக்கு அது வேணாம்."

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் அம்மாவுக்குள் ஆசை பிடித்தது என்று நினைக்கிறேன். அல்லது அது முன்பே இருந்து, அப்போதுதான் வெளியே வந்திருக்கும். அன்று சோறு போடும்போது, "ஒரு பொயிண்ட் எடுக்கணும் பாப்பா," என்றாள். "நானா அடிச்சு."

முடியவில்லை. துணி துவைக்கும் நீலப் பேசினைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போய், எதிர்ப்புற மூலையில் வைத்து அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பந்தும் பேசினில் போய் விழுந்தது. இடது மூலை, வலது மூலை, எங்கே வைத்தாலும். பேசினை எடுத்துவிட்டு டீச்சர் வந்து நின்றால், பந்து டீச்சரின் வலக்கைக்கு, இடுப்பு உயரத்தில் போனது.

"கண்ணு மூலையத்தான் பாக்குது மிஸ். கை ஆளப் பாத்துருது."

டீச்சர் ஒரு வழி செய்தார். கோர்ட்டின் ஒரு பக்கமாகவே ஒதுங்கி நின்றார். மறுபக்கம் மொத்தமும் வெறும் மண். அம்மா அடித்தாள். பந்து நேரே டீச்சரிடம் வந்தது. சுமனே ஐயா வேலிக்கு வெளியிலிருந்து சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அம்மா திரும்பிச் சிங்களத்திலேயே ஒன்று கொடுத்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டீச்சர் சில சமயம் சர்வீஸ் போடும்போது இரண்டு தடவையும் வலையில் அடித்துவிடுவார். அது கணக்குப்படி அம்மாவின் பொயிண்ட். அம்மா ஏற்கமாட்டாள்.

"அது நீங்க விட்டது மிஸ். நான் எடுத்தது இல்ல."

"சட்டம் அப்படித்தான் அக்கா."

"சட்டத்துக்கு நீங்க எழுதிக்கோங்க. எனக்கு வேணாம்."

பிறகு என் வேலைநேரம் மாறியது. சனிக்கிழமைகளில் போக முடியவில்லை. அம்மா வந்து சொல்வதுதான் எனக்குத் தெரிந்தது. இன்னும் எடுக்கவில்லை. கொஞ்சம் விலகிப் போகிறது. டீச்சர் ஓரடி வைத்த இடத்தில் இரண்டடி வைக்கிறார். ஓடுகிறார், ஆனால் பிடித்துவிடுகிறார். ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே, "இன்னைக்கு மிஸ்ஸு மூச்சு வாங்குனாங்க," என்றாள். அன்று முழுவதும் அவள் முகம் நன்றாக இருந்தது.

அம்மாவை அடக்கம் செய்து சில நாள் கழித்து றிஸ்மியா டீச்சர் வீட்டுக்கு வந்தார். இழவு அன்றும் வந்தவர்தான். அப்போது கூட்டத்தில் பேச முடியவில்லை. இப்போது இஸ்தோப்பில் அப்பா கொடுத்த கதிரையில் உட்கார்ந்து, நான் வைத்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசிச் சனிக்கிழம நடந்தத அக்கா சொன்னாங்களா?"

"ரப்பர் அறுந்துச்சுன்னு சொன்னாங்க. வேறொண்ணும் சொல்லல."

"ரப்பர் மட்டுமில்ல."

ஆட்டம் முடியும் நேரம். டீச்சர் வலப்பக்கம் நின்றிருக்கிறார். அம்மாவுக்கு உயரமாக ஒரு பந்து போயிருக்கிறது. அம்மா அதை இறங்கவிட்டு, கையை முழுதாக வீசி அடித்தாள். இடது மூலைக்கு. டீச்சர் திரும்பினார், ஓடினார், மட்டையை நீட்டினார். எட்டவில்லை. பந்து மூலையில் விழுந்து வேலிக்குப் போனது.

"அவங்க அடிச்ச அடில ரப்பர் அறுந்து பறந்திட்டு. பேட்டு 'ணங்'னு சத்தம் போட்டிச்சு. அந்தக் கோர்ட் முழுக்க. நான் அப்படி ஒரு சத்தத்த அவங்க பேட்டுல கேட்டதில்ல. நான் இங்கால திரும்பி, அக்கா எடுத்திட்டீங்கன்டு கத்த வாயத் திறக்கிறேன். அவங்க பேட்டக் கீழ எறக்கி, தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க. 'அவுட் மேடம்'ங்கிறாங்க."

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னைய ஒருநாளும் மேடம்னு சொன்னதில்ல."

நோனாமார் காலத்தில் சந்தேகமான பந்து எப்போதும் நோனாவுக்குத்தான். அவர் அடித்தது கோட்டை ஒட்டி விழுந்தால் உள்ளே. மார்க்கர் அடித்தது கோட்டை ஒட்டி விழுந்தால் வெளியே. அதையும் மார்க்கரே சொல்ல வேண்டும், கேட்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் அம்மாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. டீச்சரிடம் சொன்னேன்.

அப்பா இவ்வளவு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்து உள்ளயா, வெளியயா டீச்சரம்மா?"

"உள்ள."

"நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துல நின்டவள் நான். உள்ளதான்."

"அப்ப எடுத்துட்டா."

"அவங்க ஒத்துக்கல ஐயா. கூட்டிப் போய்க் காட்டினேன். பந்து பட்ட அடையாளம் மண்ணுல நல்லாத் தெரியுது. ஆனா கோடு இல்லயே. அந்த மூலைல மழ எல்லாத்தையும் கழுவிட்டு. நான் உள்ளங்கிறேன், அவங்க வெளியங்கிறாங்க. கொஞ்ச நேரம் நல்லாச் சண்ட புடிச்சோம். பொறகு அவங்களே சொன்னாங்க, இத இப்புடி விட வேணாம் மிஸ், வர்ற சனிக்கிழம கோட்டப் போட்டுட்டுப் பாப்போம், கோடு சொல்லட்டும்னு. வேலியோரத்துல பால் புடிக்கிற செரட்ட ஒண்டு கெடந்திச்சு. அத எடுத்து அடையாளத்து மேல கவுத்து, கல்லு வச்சிட்டு வந்தோம்."

அப்பா எழுந்து சட்டையைப் போட்டார். மூவரும் கிளப்புக்கு நடந்தோம்.

அன்று மண்டபத்தில் கல்யாணம். ஒலிபெருக்கியில் பாட்டு. யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. கோர்ட்டின் தூரத்து மூலையில் சிரட்டை இருந்தது, மேலே கல்லோடு. சுற்றியிருந்த மண்ணை மழை அரித்து வரிவரியாக்கியிருந்தது. நான் குந்தி உட்கார்ந்து சிரட்டையைத் தூக்கினேன். உள்ளே மட்டும் மண் அன்றிருந்தபடி இருந்தது. பந்து உராய்ந்த நீள்வட்டம். ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேலோட்டம். வேகமான பந்து.

கோடு எங்கே போயிருக்கும் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. மூலைகளில் பழைய இரும்பு முளைகள் மண்ணுக்குள் தலை காட்டுகின்றன. இரண்டுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து, அதன் வழியே கோட்டின் அகலத்துக்குச் சுண்ணாம்பு போட்டால் போதும். அடையாளத்தின் விளிம்பு தொடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கண்ணால் மதிப்பிட்டுப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. அவ்வளவு நெருக்கம்.

"நூல் இருக்கா?" என்றார் அப்பா.

"நூல் மட்டும் பத்தாதுப்பா. கோட்டுக்கு அகலம் இருக்கு. சுண்ணாம்பு வேணும்."

"அக்கா சுண்ணாம்புக்குச் சொல்லிட்டன்டுதான் சொன்னாங்க," என்றார் டீச்சர். "எங்கன்டு தெரியா."

சிரட்டையைக் கவிழ்த்துக் கல்லை வைத்தேன். இறங்கி வரும்போது டீச்சரைக் கேட்டேன், வெளியே என்று வந்தால் என்ன செய்வது என்று. பதிலை அப்பா சொன்னார்.

"வெளியன்னா, அவ சொன்னது சரியாப் போச்சு. உள்ளன்னா, அவ அடிச்சது சரியாப் போச்சு. நீ போட்டுப் பாரு."

அவர் அப்படிச் சொல்லலாம். எனக்கு அது உள்ளே இருக்க வேண்டும்.

இரண்டு நாளைக்குப் பிறகு அம்மாவின் போன் அடித்தது. அதை இன்னும் நிறுத்தாமல் வைத்திருக்கிறேன். தெஹியோவிட்டைக் கடைவீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் அப்ஹம் நானா.

"இராஜம் அக்காவா? ஒங்கட சுண்ணாம்பு வந்து கெடக்குது. வெள்ளிக்கிழம கிளினிக்குக்கு வரக்குள்ள எடுக்கிறன்டீங்க. ஆளக் காணல்ல."

"நானா, நான் மகள் பேசுறேன்."

"ஆ, மகள். அம்மா எங்க?"

சொன்னேன். கடையில் யாரோ ஆணி கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

"எனக்கு ஆரும் சொல்லல்ல மகள்." பிறகு மெதுவாக, "போன கெழம வந்து கல்லுச் சுண்ணாம்பு வேணாம், தூள்தான் வேணும், நல்ல வெள்ளையா வேணும்னு சொல்லிட்டுப் போனவ. சுவருக்கான்டு கேட்டேன். இல்ல நானா, ஒரு கோடு போடணும்னு சொன்ன. ஒரு கோட்டுக்கு ஒரு மூட்டையான்டு சிரிச்சேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"மிச்சத்துல கோர்ட்டு முழுக்கப் போட்டுறலாம்னு சொன்ன. இனி ஒவ்வொரு கெழமையும் வேணுமாம்." நிறுத்தினார். "இத நான் வேற ஆளுக்குக் குடுக்கவா மகள், வைக்கவா?"

"வைங்க நானா. நான் வர்றேன்."

"எப்ப?"

மண்டபத்தில் கல்யாணம் இல்லாத சனிக்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வேலைக்குப் போகும் பஸ் அந்தக் கடைக்கு முன்னால்தான் நிற்கிறது. மூட்டை வாசலுக்கு உள்ளே, குழாய்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நானா அதன் மேல் நீல மையால் இராஜம் என்று எழுதி வைத்திருக்கிறார்.